குழந்தையின் உள்ளங்காலில் விடாப்பிடி மரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது மருதானா? கால் ஆணியாகவோ காய்ப்பாகவோ இருக்கக்கூடாதா?

மருந்தை வாங்குவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பூசியும் போகாத மரு, சில சமயம் மருவே இல்லை.

பாதத்தைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கைரேகை போலவே உள்ளங்காலிலும் வரிகள் உண்டு. காய்ப்பாக இருந்தால் அந்த வரிகள் அதன் மேலேயே தொடர்ந்து ஓடும். மருவாக இருந்தால் விளிம்புவரை வந்து விலகிப்போகும், உள்ளே வரி இருக்காது. அடுத்து, சிறு கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா பாருங்கள். இவற்றைத்தான் வேர் என்றும் விதை என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அவை மருவுக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து கறுத்த முனைகள். மூன்றாவது சோதனை வலி. விரலால் நேராக அழுத்தும்போது கால் ஆணி வலிக்கும். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும். இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், குழந்தை எதைச் செய்தாலும் "ஆ" என்றுதான் சொல்லும்.

கால் ஆணி குழந்தைகளுக்கு அரிது. வந்தாலும் செருப்போ ஷூவோ அழுத்தும் இடத்தில் வரும். திடீரென்று தொடங்கிய ஒற்றைப் புள்ளி வலி என்றால் உள்ளே தங்கிய முள்ளோ கண்ணாடித் துகளோ காரணமாக இருக்கலாம். கரும்பழுப்பு நிறத்தில் பரவும் திட்டு, தானாகக் கசியும் ரத்தம், ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தைத் தொடவே வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்.

எப்படி வந்தது?

பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தில் தோலைத் தாக்கும் சில வகைகளால் வருகிறது. பாதத்தில் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 எண் வகைகள். ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆன தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தரை, பொதுக் குளியலறை, வீட்டில் மரு உள்ள இன்னொருவர் என எங்கிருந்தும் ஒட்டலாம். ஒட்டிய பிறகு மரு தெரிய சில வாரங்களிலிருந்து பல மாதங்கள்வரை ஆகும். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று விசாரிப்பதில் பயனில்லை. சுத்தக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைக் குழந்தையிடமும் சொல்லுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் தானாகப் போய்விடும். குழந்தைகளின் மருக்களில் ஏறத்தாழ பாதி ஓராண்டுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுக்குள்ளும் மறைகின்றன. உடல் அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் பல மருக்கள் ஒரே சமயத்தில் உதிர்வதும் உண்டு. வலியில்லை, பரவவில்லை, குழந்தைக்கும் அது பொருட்டில்லை என்றால் விட்டுவிடுவது சோம்பல் அல்ல, முறையான தேர்வு. மருத்துவர்களே அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

நடக்க வலிக்கிறது, எண்ணிக்கை கூடுகிறது, விளையாட்டில் கூச்சப்படுகிறது என்றால் சிகிச்சை தொடங்கலாம். ஆனால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: மருவால் வரும் தொல்லையைவிடச் சிகிச்சையால் வரும் தொல்லை பெரிதாகக்கூடாது.

வீட்டில் எந்த மருந்தில் தொடங்குவது?

சாலிசிலிக் அமிலம். மருவுக்கான மருந்துகளில் நீண்டகாலமாகச் சோதிக்கப்பட்டதும் விலை குறைந்ததும் இதுதான். அது வைரஸைக் கொல்வதில்லை. வைரஸ் குடியிருக்கும் தடித்த தோலை அடுக்கடுக்காகக் கரைத்து உரிக்கிறது, அந்த லேசான எரிச்சல் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அந்த இடத்துக்கு இழுக்கிறது.

சொட்டு மருந்தாகவோ ஜெல்லாகவோ வருபவை பெரும்பாலும் 17 முதல் 26 சதவீதம். ஒட்டும் பட்டையாக வருவது 40 சதவீதம். 50 சதவீத களிம்பும் உண்டு, அதை மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குப் பூச வேண்டாம். பழக்கமில்லாதவர்களுக்கு 17 சதவீத சொட்டு மருந்து நல்ல தொடக்கம்: வேகம் குறைவு, தவறு நடந்தாலும் சேதம் குறைவு. மருந்து காய்ந்ததும் பசைபோல் படலம் கட்டுவதற்காகக் கலந்திருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்பு அருகே திறக்காதீர்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். அதற்கு மேல் உள்ள சிறு குழந்தை என்றால் அட்டையிலுள்ள வயது வரம்பைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சிக் குறைவு, ரத்த ஓட்டக் குறை, ஆஸ்பிரின் வகை மருந்துக்கு ஒவ்வாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் அமிலம் கூடாது. முகம், பிறப்புறுப்பு, மச்சம் இவற்றின் மேல் எந்த வயதிலும் கூடாது.

தினமும் செய்யவேண்டியதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

இரவு படுக்கப்போகும் முன் செய்வது வசதி. மொத்தம் பதினைந்து நிமிடம்.

1. வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்துச் சூடு உறைக்காமல் இருக்கவேண்டும்.

2. நகம் ராவும் அட்டையால், ஊறி வெளுத்த செத்த தோலை ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தாலோ குழந்தை காலை இழுத்தாலோ நிறுத்துங்கள். ரத்தம் எட்டிப்பார்த்தால் அன்று மருந்தே வேண்டாம். அந்த அட்டை மருவுக்கு மட்டும்தான், நகத்துக்கோ நல்ல தோலுக்கோ வீட்டில் மற்றவருக்கோ அதைப் பயன்படுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை எறிந்துவிட்டுப் புதிதெடுங்கள். நுரைக்கல் வேண்டாம், அதன் துளைகளில் துகள் தங்கிவிடும்.

3. விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடையுங்கள். அந்தத் துண்டை வேறு யாரும் தொடக்கூடாது.

4. மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லியை வளையமாகத் தடவுங்கள். மருவின் மேல் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது, பட்டால் மருந்து இறங்காது.

5. பல்குத்தும் குச்சி முனையால் ஒரு சொட்டு மருந்தை மருவின் மேல் மட்டும் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் காய்ந்து வெண்படலம் கட்டியதும் இன்னொரு சொட்டு. குப்பியோடு வரும் தூரிகை குழந்தையின் மருவுக்குப் பெரும்பாலும் அகலம் அதிகம், அதனால்தான் குச்சி.

6. நன்றாகக் காய்ந்த பிறகு பிளாஸ்திரி ஒட்டி, மேலே சாக்ஸ் போடுங்கள். மூடிவைத்தால் மருந்து ஆழமாக இறங்கும்.

7. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள்.

மறுநாள் பிளாஸ்திரியோடு பழைய படலத்தையும் உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. 40 சதவீதப் பட்டை என்றால் மருவின் அளவுக்கே கத்தரித்து ஒட்டி, பொதுவாக 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அட்டையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வளர்ந்த குழந்தை என்றால் தேய்க்கும் வேலையை அதன் கையிலேயே கொடுங்கள். எங்கே வலிக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும், சண்டையும் குறையும்.

ஒரு வாரத்தில் வெள்ளையாக ஊறி, முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. வெளுத்து ஊறிய தோல் மருந்து வேலை செய்வதன் அடையாளம், அதைத்தான் அடுத்த முறை தேய்த்து எடுக்கப்போகிறீர்கள். மேல் அடுக்கு போனதும் கறுப்புப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியும், அதுவும் நல்லதற்குத்தான்.

லேசான குறுகுறுப்பு சரி. சுற்றிலும் சிவந்து, செருப்புப் போட வலித்தால் மூன்று நான்கு நாள் மருந்தை நிறுத்துங்கள். தோல் ஆறியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மறுபடி தொடங்கலாம். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் அது தொற்று, அன்றே மருத்துவர்.

மூன்று மாதம் பூசியும் போகவில்லை. எங்கே தவறு?

மூன்று மாதம் என்று சொல்பவர்களில் பலர் தொடர்ந்து பூசியிருப்பதில்லை. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு நினைவு வந்தபோது, நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு பயணம். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது, சலிப்பூட்டும் வேலை இது. ஆனால் இரண்டு வார இடைவெளியில் மரு தன் கூரையை மறுபடி போட்டுக்கொள்கிறது. 12 வாரம் என்பது விடாமல் பூசிய 12 வாரம்.

அடுத்த காரணம் தேய்க்காமல் பூசுவது. உள்ளங்காலில் மரு வெளியே முளைப்பதில்லை, உடல் எடை அதை உள்ளே அழுத்துகிறது, மேலே காய்ப்பு மூடுகிறது. செத்த தோலின்மேல் மருந்து, அது காய்ந்த படலத்தின்மேல் மறுநாள் மருந்து என்று போனால் அமிலம் உயிருள்ள பகுதியை எட்டுவதே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வேகமாகப் போகட்டும் என்று பெரிய பட்டையாக ஒட்டி, சுற்றியுள்ள தோலைப் புண்ணாக்கி, குழந்தை காலைக் காட்டவே மறுக்கும் நிலைக்குக் கொண்டுபோவது. அதன் பிறகு எந்த சிகிச்சையும் கடினம். நடுப்பகுதி ஆறிவிட்டது என்று சீக்கிரம் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. விளிம்பில் மிஞ்சியது வளையமாக மறுபடி வளரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் போகாதவை உண்டு. பல சிறு மருக்கள் கற்கள் பதித்த தரைபோல் சேர்ந்து ஒரே திட்டாகும் வகை குறிப்பாகப் பிடிவாதமானது. வைரஸ் தோலின் மேலடுக்குகளிலேயே தங்கிவிடுகிறது, ரத்தத்தில் கலப்பதில்லை, தான் குடியேறிய செல்களை வெடிக்கச் செய்வதுமில்லை. எதிர்ப்புச் சக்திக்கு அது கண்ணில் படாததற்குக் காரணம் இந்த அடக்கம்தான். 2011-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன 240 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு 50 சதவீத சாலிசிலிக் அமிலமும் பாதிப்பேருக்கு திரவ நைட்ரஜனும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் எல்லாப் பாத மருவும் போனது இரண்டு பக்கமும் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே. மருந்துக்கு மசியவில்லை என்றால் உங்கள் கைதான் காரணம் என்று எண்ணவேண்டாம்.

வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குச் சுருங்குவது தெரியாது.

டேப் ஒட்டினால் போகும் என்கிறார்களே?

2002-ல் வெளியான சிறிய ஆய்வொன்று கனமான ஒட்டும் டேப், உறையவைப்பதைவிட நன்றாக வேலை செய்ததாகக் காட்டியது. அந்தப் புகழ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006-ல் நெதர்லாந்தில் 4 முதல் 12 வயதுள்ள 103 குழந்தைகளிடம் சோதித்தபோது டேப் ஒட்டியவர்களில் 16 சதவீதம் பேருக்குப் போனது, ஒட்டாமல் வெறும் வளையம் வைத்தவர்களில் 6 சதவீதம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. வலியில்லாதது என்பதால் அமிலத்துக்குப் பயப்படும் குழந்தைக்கு முயலலாம்: ஆறு நாள் ஒட்டி, ஏழாம் நாள் கழற்றி ஊறவைத்துத் தேய்த்து, இரவு காற்றாட விட்டு மறுநாள் புதிதாக ஒட்டுவது வழக்கம். தோல் அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

கடையில் வாங்கும் உறையவைக்கும் ஸ்ப்ரே?

பெரும்பாலானவற்றில் டைமெத்தில் ஈதரும் புரோப்பேனும் இருக்கும். அவை எட்டும் குளிர்ச்சி மைனஸ் 57 டிகிரி செல்சியஸ் அளவில். மருத்துவர் பயன்படுத்தும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196. உள்ளங்காலின் தடித்த தோலில் இந்த வித்தியாசம் பெரிது. நான்கு வயதுக்குக் கீழ் இதைப் பயன்படுத்தக்கூடாது. அதற்கு மேலும், வலிக்கு ஏற்ற பலன் இல்லை என்பதே எங்கள் கருத்து.

பூண்டு, வினிகர், செடிப்பால், சுண்ணாம்பு?

இவை எல்லாமே தோலைச் சுடும் பொருட்கள், எவ்வளவு சுடும் என்பதற்கு அளவு கிடையாது. நசுக்கிய பூண்டை இரவெல்லாம் கட்டிவைத்துக் கொப்புளத்தோடு வரும் குழந்தைகள் உண்டு. செடிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளேடால் சீவுவது, நகவெட்டியால் தோண்டுவது, நூலால் கட்டுவது எதுவும் வேண்டாம். ரத்தம் வந்த இடமெல்லாம் வைரஸுக்குப் புதிய வாசல்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

மருதானா என்று சந்தேகம் இருந்தால் முதல் நாளே. முறையாக 12 வாரம் செய்தும் சுருங்கவில்லை, நொண்டி நடக்கிறது, வேகமாகப் பெருகுகிறது என்றாலும் போகலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ உள்ள குழந்தைக்கு வீட்டில் எதையும் தொடங்காமல் நேரே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது இதுவரை பூசிய மருந்தின் குப்பி, எத்தனை வாரம் என்ற கணக்கு, எடுத்து வைத்த படங்கள் மூன்றையும் கொண்டுபோங்கள். முதல் நாளிலேயே மருந்தில்லாத வெறும் பாதத்தைக் காட்டுவது நல்லது. இரண்டு மூன்று நாள் முன்பே அமிலத்தை நிறுத்திவிடுங்கள்.

திரவ நைட்ரஜன் வைத்தால் மிகவும் வலிக்குமா?

வலிக்கும், மறைக்காமல் சொல்லிக் கூட்டிப்போங்கள். முதலில் மருத்துவர் மேலுள்ள செத்த தோலைச் சீவுவார், அது வலிக்காது. பிறகு மருவும் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டரும் வெண்மையாக உறையும்வரை சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம்போல் குளிரூட்டுவார். குத்தலும் எரிச்சலும் அப்போது இருக்கும், விறுவிறுப்பு சில மணி நேரம் நீடிக்கும். உள்ளங்காலின் தடித்த தோலில் மரத்துப்போகும் களிம்பு அவ்வளவாக இறங்குவதில்லை. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்கு வலிக்காக ஆஸ்பிரின் கூடாது.

ஓரிரு நாளில் கொப்புளம் வரலாம், ரத்தம் கலந்து கறுத்தும் இருக்கலாம். கிழிக்காமல் பஞ்சு வைத்து மூடுங்கள், தானாக வற்றும். குளிக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை செய்வார்கள். இடையில் புண் ஆறிய பிறகு அமிலத்தைத் தொடரச் சொல்வதும் உண்டு. சின்னக் குழந்தையை மூன்று பேர் அமுக்கிப்பிடித்துச் செய்யவேண்டிய நிலை என்றால், ஒரு மருவுக்காக அந்தப் பயத்தை ஏற்றத் தேவையில்லை. வேறு வழி உண்டா என்று கேளுங்கள், தள்ளிப்போடவும் சொல்லலாம்.

அதற்கும் மசியாவிட்டால்?

ஒரு வகை வண்டிலிருந்து கிடைக்கும் கேந்தரிடின் திரவத்தை மருத்துவரே பூசுவார். பூசும்போது வலிக்காது, ஓரிரு நாளில் கொப்புளம் எழும்பி மரு தூக்கிக்கொள்ளும், வலி அப்போதுதான். பயந்த குழந்தைக்கு இது ஏற்றது, ஆனால் வீட்டில் வைத்திருக்கும் பொருள் அல்ல. அடுத்தது எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசி: காண்டிடா பூஞ்சையின் சாரம் அல்லது எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைச் சிறு அளவில் ஒரு மருவுக்குள் போடுவார்கள். பலன் கிடைத்தால் ஊசி போடாத மருக்களும் சேர்ந்தே போகக்கூடும். பல மருக்கள் உள்ள குழந்தைக்கு இதைக் கேட்டுப்பார்க்கலாம். லேசர், பிளியோமைசின் ஊசி, புளூரோயுராசில் களிம்பு போன்றவை பிடிவாதமானவற்றுக்கு, அதுவும் பெரும்பாலும் பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்.

கத்தியால் வெட்டி எடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடாதா என்று கேட்பார்கள். உள்ளங்காலில் விழும் தழும்பு வாழ்நாள் முழுக்க நடக்கும்போது உறுத்தலாம், சுற்றியுள்ள தோலில் தங்கிய வைரஸால் மருவும் திரும்பலாம். ஆகவே அது கடைசியிலும் கடைசி.

நீச்சலுக்கும் பள்ளிக்கும் அனுப்பலாமா?

தாராளமாக. நீரில் கழன்றுபோகாத பிளாஸ்திரி ஒட்டி, குளக்கரையிலும் பொதுக் குளியலறையிலும் செருப்புப் போட்டு நடந்தால் போதும். வீட்டில் துண்டு, சாக்ஸ், செருப்பைத் தனியாக வையுங்கள். மருவைச் சொறிந்த விரலைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் நகத்தைச் சுற்றியும் வாயோரத்திலும் மரு வரலாம், அதைக் கவனியுங்கள். வியர்க்கும் பாதத்துக்கு சாக்ஸைத் தினமும் மாற்றவேண்டும்.

பாப்பிலோமா வைரஸ் என்றால் புற்றுநோய் வருமா?

பாத மருவை உண்டாக்கும் வகைகள் வேறு, கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள 16, 18 போன்ற வகைகள் வேறு. அதற்கான தடுப்பூசியும் பாத மருவை உண்டாக்கும் வகைகளைக் குறிவைத்துச் செய்யப்பட்டதல்ல. அதற்குரிய வயது வந்ததும் அந்தத் தடுப்பூசியை அதன் காரணத்துக்காகவே போடுங்கள்.

போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

அந்த இடத்தை ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, முதல் நாள் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். தோல் வரிகள் குறுக்கே தடையில்லாமல் ஓடவேண்டும், புள்ளிகள் இருக்கக்கூடாது, கிள்ளினால் வலிக்கக்கூடாது. மூன்றும் சரியென்றால் மருந்தை நிறுத்தலாம். ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சியிருந்தாலும் அன்றிரவு வழக்கம்போல ஊறவைத்துப் பூசுங்கள். நிறுத்திய பிறகு மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள், திரும்புவதாக இருந்தால் கடுகளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம்.